சொல்லாமல் விட்ட வரி

எனக்கு எழுதிய ஒரு தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். கல்லூரியில் தர்க்கப் பிழைகள் பற்றி ஒரு பாடம் படித்திருக்கிறார், பட்டியல் முழுக்க மனப்பாடம். வீட்டில் மடிப்பாக்கம் பக்கம் ஒரு பழைய ஃபிளாட் வாங்குவது பற்றிப் பேச்சு நடக்கிறது. "2015 வெள்ளத்துலயே அந்தத் தெருவுல தண்ணி ஏறல, அதனால பயமில்ல" என்று அப்பா சொல்ல, இவர் "இது அவசரப் பொதுமைப்படுத்தல்ப்பா" (ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் முடிவு கட்டுவது) என்றிருக்கிறார். அப்பாவுக்குக் கோபம், இரண்டு நாளாகப் பேச்சே இல்லை. "நான் சொன்னது சரிதானே, அப்புறம் ஏன் எடுபடவில்லை? முன்அனுமானங்களும் தர்க்கப் பிழைகளும் நம் யோசனையை உண்மையில் எப்படிக் கெடுக்கின்றன?" என்பது கேள்வி.

நேராகவே சொல்கிறேன். நீங்கள் அப்பாவின் வாதத்துக்கு ஒரு பெயர் வைத்தீர்கள், அதில் ஓட்டை எங்கே என்று காட்டவில்லை. நான் 22 வருடமாகப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பட்டியலைப் புதிதாகப் படித்த பிள்ளைகள் முதல் ஒரு மாதம் எதிரில் இருப்பவர் பேச்சில் பிழை பிடிப்பதிலேயே கழிப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். தன் பேச்சில் தேடுகிற பிள்ளை அபூர்வம். அதனால் அந்தப் பட்டியலைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள்.

எந்த வாதத்திலும் வாய்விட்டுச் சொன்ன வரிகள் சில இருக்கும், சொல்லாமலே விட்ட வரி ஒன்றும் இருக்கும். அந்தச் சொல்லாத வரிதான் முன்அனுமானம். நாம் அதை ஒளித்து வைப்பதில்லை, அது இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. சுவருக்குள் ஓடுகிற குழாய் மாதிரி, ஒழுகிச் சுவர் ஊறிய பிறகுதான் அங்கே குழாய் போகிறது என்பதே ஞாபகம் வரும். தர்க்கப் பிழை என்று நாம் பெயர் வைக்கிறவற்றில் பெரும்பாலானவை, அந்தச் சொல்லாத வரி இந்த இடத்தில் பொய்யாகிப் போனதுதான். வாதத்தின் உருவத்தை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். நாங்கள் இருப்பது ஆதம்பாக்கம். 2019 கோடை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த வருடம். எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணறு மே மாதமே காற்று இழுக்க ஆரம்பித்துவிட்டது. சங்கக் கூட்டம் போட்டோம். "பக்கத்து பில்டிங்ல 180 அடியில நல்ல ஊத்து கெடச்சிருக்கு சார், நமக்கும் கெடைக்கும்" என்று செயலாளர் சொன்னார், எல்லோரும் கை தூக்கினோம், நானும்தான். இரவெல்லாம் துளை போடும் வண்டி ஓடியது. 350 அடி வரை இறக்கினோம். மேலே வந்தது வெறும் சாம்பல் நிறத் தூள். காலையில் பார்த்தால் பார்க்கிங்கில் நின்ற வண்டிகள் மீதெல்லாம் அரிசி மாவைச் சலித்துக் கொட்டின மாதிரி ஒரு படலம். குழந்தைகள் அதில் விரலால் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதே மாதம் திருவான்மியூரில் என் தங்கை வீட்டிலும் இதே பேச்சு, இதே வாதம். பக்கத்து வீட்டில் 60 அடியில் தண்ணீர், நமக்கும் வரும் என்று போட்டார்கள். வந்தது. கொஞ்சம் உப்புக் கரித்தாலும் தண்ணீர் தண்ணீர்தான்.

இரண்டு வீட்டிலும் பேசிய வாதம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. கடலோரம் மணல், மணலில் நிலத்தடி நீர் பக்கத்துக்குப் பக்கம் பரவித் தொடர்ச்சியாக நிற்கும். எங்கள் பக்கம் பரங்கிமலை, பல்லாவரம் வகைக் கடும்பாறை. (அந்தப் பாறை வகைக்கு சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அந்த வகை என்பதால் அவர் பெயரே வந்துவிட்டது.) பாறைக்குள் தண்ணீர் விரிசல்களில்தான் இருக்கும். பத்தடி தள்ளிப் போட்டால் விரிசல் தப்பிவிடும். ஆக "பக்கத்தில் கிடைத்தது, இங்கும் கிடைக்கும்" என்பது அங்கே நல்ல வாதம், இங்கே மோசமான வாதம். அவசரப் பொதுமைப்படுத்தல் என்று பெயர் வைத்தால் இரண்டுக்கும்தான் வைக்க வேண்டும். நாங்கள் சொல்லாமல் விட்ட வரி, "தரைக்குக் கீழே இரண்டு மனைக்கும் ஒரே மாதிரி இருக்கும்" என்பது. அதை யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கூட்டத்தில் ஒருவராவது "பாறையாச்சே" என்றிருப்பார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதும் இப்படித்தான். பலர் அந்தப் பழமொழியைத் தவறு என்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு, நடுவில் கரண்டி போட்டுக் கிளறியும் விட்டாயிற்று என்றால் ஒரு சோறு தாராளமாகப் போதும். மாதிரிக் கணக்கெடுப்பின் அடிப்படையே அதுதான். நம் முன்னால் இருப்பது ஒரே பானைதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம். ஆங்கிலப் பாடப் புத்தகம் வழியாக வருவதால் இதெல்லாம் வெளியிலிருந்து வந்த சரக்கு என்று நினைக்கிறோம். மணிமேகலையின் 29ஆம் காதையில் காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்வது பெரும்பகுதி இந்தப் பாடம்தான். நிறுவ வேண்டியது பக்கம், அதற்குக் காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். பழுதானவை பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி. மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு, அடுக்களையில் பார்ப்பது போல என்பது நல்ல வாதம். ஆனால் அது புகையா பனியா என்ற சந்தேகம் தீராமலே நெருப்பு உண்டு என்று முடிவு கட்டினால் அது ஏதுப் போலியில் ஒரு வகை. போகியன்று விடிகாலை கத்திப்பாராவில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் எவ்வளவு நிஜமானது என்று தெரியும். எனக்குப் 'பிழை' என்பதைவிடப் 'போலி' என்ற சொல்தான் பிடிக்கும். பிழை என்றால் பார்த்ததும் தெரிந்துவிடும் என்று தோன்றுகிறது. போலி அப்படியில்லை, நல்ல நோட்டு மாதிரியே கைக்குக் கை போகும், வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் நல்லெண்ணத்தோடுதான் இருப்பார்கள்.

சரி, அந்தச் சொல்லாத வரி நம் கண்ணில் ஏன் படுவதில்லை? அது பொய்யாகக்கூடிய இடத்துக்கு நாம் போவதே இல்லை, அதனால்தான்.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணம். தெற்கே திண்டுக்கல், திருச்சி பக்கமெல்லாம் வளையமாகத் தெரிந்தது, நமக்கு இங்கே பாதிக்கும் மேல் மறைந்தது. எங்கள் கீழ்வீட்டு அக்கா தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்திருந்தார். கிரகணம் பிடித்திருக்கும்வரை நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது நம்பிக்கை. நிஜமாகவே நின்றது, நானே பார்த்தேன். பூண் போட்ட அடிப்பக்கம் தட்டையாக இருந்தது. மறுநாள் காலை அவரிடம் கேட்டு அதே உலக்கையை வாங்கி, அதே தாம்பாளத்தில் நிறுத்திப் பார்த்தேன். நாலைந்து முறை சாய்ந்தது, மெல்ல மெல்லச் சரி செய்து கையை எடுத்தேன், நின்றது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நேத்து ஏறின சக்தி இன்னும் இறங்கியிருக்காது தம்பி" என்றார்.

இந்தப் பதிலை யோசித்துப் பாருங்கள். அவர் சொன்னது முட்டாள்தனம் இல்லை. நமக்குப் பிடித்த ஒன்று ஆட்டம் காணும்போது நாம் எல்லோரும் செய்வது இதுதான், பக்கத்தில் ஒரு முட்டுக் கொடுத்து நிறுத்துவோம். எனக்கு எதிர்த்துப் பேசத் தோன்றவில்லை. "அப்படின்னா எந்த நாள்ல நிக்காதுன்னு நீங்களே சொல்லுங்கக்கா, அன்னைக்கு வெச்சுப் பாப்போம்" என்றேன். பொங்கல் கழியட்டும் என்றார். பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் அவரே மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து நிறுத்தினார். நின்றதும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கிரகணத்தன்னைக்கு அரை மணி நேரம் பொறுமையா நிறுத்துவோம், மத்த நாள்ல யாரு நிறுத்திப் பாக்கிறா" என்றார். நான் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

1960-இல் லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் இதையே எண்களை வைத்துச் செய்தார். 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதிப்படி அமைந்தவை, நீங்கள் வேறு மூன்று எண்கள் சொல்லிச் சொல்லிக் கேளுங்கள், விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று சொல்வேன், விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பெரும்பாலானவர்கள் இரண்டிரண்டாகக் கூடுவதுதான் விதி என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டு 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் 'பொருந்துகிறது' என்றே பதில் வந்தது. உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவே. 1, 7, 50 என்று ஒரு முறை கேட்டிருந்தால் போதும். தங்கள் யூகம் தவறானால் எங்கே தெரியுமோ அந்த இடத்தில் அவர்கள் கேட்கவே இல்லை. கிரகணம் இல்லாத நாளில் உலக்கையை நிறுத்திப் பார்க்காததும் இதுவும் ஒன்றேதான்.

இது உலக்கையோடு போனால் யாருக்கும் நஷ்டமில்லை. உயிரோடு விளையாடுகிற இடத்துக்கு வருகிறேன், நான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணமே இதுதான். மழைக்காலம் வந்தால் சென்னையில் டெங்கு வரும். பிளேட்லெட் குறைகிறது என்றதும் பப்பாளி இலைச் சாறு. எதிர்வீட்டுப் பையனுக்கு ஐந்தாம் நாள் எண்ணிக்கை 60,000-க்கு வந்தது, அன்று சாயங்காலம் சாறு கொடுத்தார்கள், இரண்டு நாளில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. தெரு முழுக்க அந்தச் சாறுதான் காப்பாற்றியது என்றாகிவிட்டது. டெங்குவில் பிளேட்லெட் காய்ச்சல் விடுகிற சமயத்தில் அடிமட்டத்துக்குப் போய், பிறகு பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே ஏறும். அடிமட்டத்தில்தான் நமக்குப் பயம் வருகிறது, பயம் வந்தபோதுதான் சாறு கொடுக்கிறோம், அதற்கப்புறம் போகிற திசை மேலேதான். அந்த நேரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் பலித்திருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம்மிடமே இதற்குப் பேர் இருக்கிறது. சாறு உதவவே உதவாது என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். எதிர்வீட்டில் நடந்ததை வைத்து உதவும் என்றோ உதவாது என்றோ சொல்ல வழியில்லை, கொடுக்காதவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் சாறு பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து வேறொரு சொல்லாத வரியில் இருக்கிறது. "காய்ச்சல் விட்டுடுச்சு, இனி பயமில்ல" என்கிறோமே, அதற்கு அடியில் கிடப்பது 'காய்ச்சல்தான் நோய், அது போனால் நோய் போயிற்று' என்ற வரி. சாதாரண ஜலதோஷக் காய்ச்சலில் அது சரி. டெங்குவில் நேர்மாறு. காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரிவது நடக்கும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை துவண்டு போவது அல்லது காரணமில்லாமல் நிலைகொள்ளாமல் தவிப்பது, இதில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓட வேண்டும். உடம்பு குளிர்ந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போட்டுவிட்டு இழந்த குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். அவர்கள் படித்தவர்கள், பிள்ளையை உயிராக வைத்திருந்தவர்கள். எந்தப் பட்டியலிலும் அந்த வரிக்கு ஒரு பெயர் கிடையாது.

அதனால்தான் பெயர்களை நம்பாதீர்கள் என்கிறேன்.

நம் ஆட்கள் அதிகம் அனுப்பிக்கொள்கிற ஒரு வகை வாதத்தையும் சொல்லியாக வேண்டும். ராத்திரி புளியமரத்தடியில் படுக்காதே, பேய் பிடிக்கும் என்றார்கள் பெரியவர்கள். இப்போது பேயை எடுத்துவிட்டு அங்கே கார்பன் டை ஆக்சைடை வைத்திருக்கிறோம், ராத்திரியில் மரம் அதை வெளியிடும், அதைத்தான் முன்னோர்கள் பேய் என்றார்கள் என்று. மரம் ராத்திரியில் கார்பன் டை ஆக்சைடு விடுவது உண்மை. திறந்த வெளியில் அது ஒரு ஆளுக்கு மூச்சு முட்ட வைக்கிற அளவில் சேரவே சேராது. ஒரு அறையில் கூடப் படுத்திருக்கிற மனிதர் விடுவது அதைவிட நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதில் சொல்லாத வரி, 'பெரியவர்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் ஓர் அறிவியல் காரணம் இருந்தே தீரும்' என்பது. இந்த வரியை விட்டுவிட்டால் பெரியவர்களுக்கு அவமானம் என்று நினைக்கிறோம், அப்படி ஒன்றும் இல்லை. இருட்டில் பூச்சி பொட்டு இருக்கும், மரத்தடியில் பிள்ளை படுக்க வேண்டாம் என்ற எளிய அக்கறையே போதுமான காரணமாக இருந்திருக்கலாம். அந்த அக்கறையை மதிக்கிறேன், காரணத்தை ஒட்டவைக்க மாட்டேன். இங்கே உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. காரணம் தவறு என்பதால் முடிவும் தவறு என்று குதித்துவிடாதீர்கள், அதுவும் ஒரு போலிதான்.

ஆளைத் தாக்குவது, சொல்லாததைச் சொன்னதாக வைத்து அடிப்பது, இதுவா அதுவா என்று இரண்டே வழி காட்டுவது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதிகம் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வந்தவர் உங்கள் வீட்டுத் தண்ணீர் மோசம் என்கிறார் என்றால், அவருக்கு அதில் லாபம் உண்டு என்று நினைப்பது தவறில்லை, இன்னொருவரிடம் சோதித்துப் பார்க்க அது நியாயமான காரணம். அவர் விற்பவர் என்பதாலேயே தண்ணீர் நல்ல தண்ணீர் ஆகிவிடாது.

2024 அக்டோபர் நடுவில் சிவப்பு எச்சரிக்கை என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தாழ்வு மண்டலம் வடக்கே ஒதுங்கிக் கரையைக் கடந்தது, பயந்த அளவுக்கு மழை இல்லை. உடனே "வீணா பயமுறுத்திட்டாங்க, இனிமே நகர்த்த மாட்டேன்" என்று எத்தனை பேர் சொன்னார்கள். ஒரு முடிவு நல்ல முடிவா என்பதை அது எடுத்தபோது தெரிந்ததை வைத்துத்தான் பார்க்க வேண்டும், கடைசியில் என்ன ஆயிற்று என்பதை வைத்து அல்ல. கார் நிறுத்தியவர்கள் செய்தது சரி. அடுத்த முறையும் நிறுத்தட்டும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். அப்பா சொன்னதை எழுதிப் பாருங்கள், நடுவில் விட்ட வரியை நீங்களே நிரப்புங்கள். '2015-இல் தண்ணீர் ஏறவில்லை. [எல்லா வெள்ளமும் ஒரே வழியாகத்தான் வரும், 2015-க்குப் பிறகு அந்தத் தெருவில் எதுவும் மாறவில்லை.] ஆகவே இனியும் ஏறாது.' அடைப்புக்குள் இரண்டு வரிகள் இருக்கின்றன, இரண்டையும் நேரில் போய்ச் சரிபார்க்கலாம்.

முதல் வரி. 2015 டிசம்பர் 1, 2-இல் தாம்பரம் பக்கம் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள், அடையாறு கரை தாண்டியது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஈக்காட்டுத்தாங்கல் எல்லாம் மூழ்கியதற்கு அந்த ஆறு காரணம். 2023 டிசம்பர் 3, 4-இல் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் நின்ற தண்ணீர் வேறு. அது பெய்த மழை வடிய இடமில்லாமல், ஏரிகள் நிரம்பி, சதுப்பு நிலம் நோக்கிப் போகிற பாதையில் தேங்கியது. மடிப்பாக்கம் பள்ளிக்கரணைப் பக்கம் சரிந்த நிலம். ஆக 2015-ஐ மட்டும் கேட்டால் போதாது, 2023-இல் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது வரிக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். நம் ஊரில் பல தெருக்களில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. எங்கள் தெருவில் 1980-களில் கட்டின ஒரு வீடு இருக்கிறது. மூன்று படி ஏறி உள்ளே போன வீடு, இன்று கேட்டைத் திறந்து ஒரு படி கீழே இறங்க வேண்டும். 2015-இல் அந்த வாசலில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. இப்போது ஒரு மணி நேரம் மழை அடித்தால் ரோட்டுத் தண்ணீர் நேராக ஹாலுக்கு.

அப்பாவிடம் இதை வாதமாகக் கொண்டு போகாதீர்கள். "அப்பா, ஞாயித்துக்கிழமை அந்தத் தெருவ இன்னொரு வாட்டி பாத்துட்டு வரலாமா" என்று கேளுங்கள், அவர்கூடவே போங்கள். புரோக்கர் இல்லாமல் போங்கள். அந்தத் தெருவிலேயே பழைய வீடு எது என்று பார்த்து அதன் படியை எண்ணுங்கள். காம்பவுண்டுச் சுவரின் அடியில் பழைய ஈரக் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால் பக்கத்துச் சுவரில் பாருங்கள். மூலையில் மளிகைக் கடை இருந்தால் "மிக்ஜாம் அப்ப கடை எத்தனை நாள் மூடியிருந்துச்சு அண்ணே" என்று கேளுங்கள், கரண்ட் எப்போது வந்தது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்றும் கேளுங்கள். படி எண்ணிக்கையும் கடைக்காரர் சொல்வதும் அப்பா சொன்னதற்கு ஒத்து வந்தால் அதை நீங்கள்தான் முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.